நாற்பதும் நூறும்

பூந்தமல்லியில் நான் நர்ஸாக வேலை பார்த்த கிளினிக்கில் டாக்டர் சாயங்காலம்தான் வருவார். பகலில் அவருக்கு நகரத்துக்குள் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை. காலையில் கதவைத் திறப்பது, சர்க்கரை நோயாளிகளுக்கு ரத்தம் எடுத்து வைப்பது, எந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போட வேண்டும், எதைப் பின்னால் போட வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பது எல்லாம் என் பொறுப்பு. எண்பதுகளின் கடைசி அது. இன்சுலின் ஊசி என்றாலே கதை முடிந்துவிட்டது என்று நினைக்கிறவர்கள்தான் அதிகம். தினமும் தானே போட்டுக்கொள்ள வேண்டும் என்று சொன்னதும் பெஞ்சிலேயே உட்கார்ந்து அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அழாதவர்களில் ஒருவர் பாயம்மா. கிளினிக்கில் எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம். கடைத்தெருவுக்குப் பின்னால் வீடு. கணவர் இறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஒரே மகன் சவுதியில் ஏ.சி. மெக்கானிக். வீட்டில் அவரும் மருமகளும்தான். பாயம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, எண்களும் தெரியாது. ஆனால் கை நடுங்காது. முதல் நாள் நான் காட்டிக்கொடுத்ததும் வயிற்றுத் தோலை இரண்டு விரலால் பிடித்து, தக்காளியில் குத்துவது போல நிதானமாகக் குத்திக்கொண்டார்.

அப்போது எங்கள் பக்கம் கிடைத்த இன்சுலின் எல்லாம் ஒரே வலுதான். குப்பியில் '40' என்று போட்டிருக்கும். கண்ணாடி ஊசிக் குழலிலும் நாற்பது கோடு இருக்கும். இருபது யூனிட் வேண்டுமென்றால் இருபதாவது கோடு வரை மருந்தை இழுக்க வேண்டும், அவ்வளவுதான். கோடுகளை எண்ண முடியாத பாயம்மாவுக்காக என்னிடமிருந்த சிவப்பு நெயில் பாலிஷால் இருபதாவது கோட்டில் ஒரு புள்ளி வைத்துக் கொடுத்தேன். கொதிக்கிற தண்ணீரில் போட்டுப் போட்டு அது அழிந்துவிடும். மாதத்துக்கு ஒரு முறை குழலை எடுத்துக்கொண்டு வருவார், மறுபடி வைத்துக் கொடுப்பேன்.

"இந்தப் புள்ளிக்கு மேலயும் போகக்கூடாது, கீழயும் எறங்கக்கூடாது" என்றேன்.

"அல்லா மேல ஆணையா போவாது சிஸ்டர்" என்றார். போகவும் இல்லை. அவருடைய சர்க்கரை அளவைப் பார்த்து டாக்டரே மற்றவர்களிடம் அவரை உதாரணம் காட்டுவார்.

ஒருநாள் கிளினிக்கில் கூட்டம் குறைவு. வெயில் ஏறியிருந்த நேரம். வாசலில் ஒரு ஸ்கூட்டர் சாயாத குறையாக வந்து நின்றது. இறங்கி ஓடிவந்தவரை எனக்குத் தெரியாது. மடிப்புக் கலையாத வெளிநாட்டுச் சட்டை போட்டிருந்தார். சட்டையில் சென்ட் வாசனை.

"சிஸ்டர், நான் பாயம்மாவோட பையன். லீவுல வந்திருக்கேன். அம்மா ஒரு மாதிரி இருக்காங்க. கண்ணத் தொறந்துதான் வெச்சிருக்காங்க, ஆனா என்னப் பாக்கல. பேசுனா பதில் இல்ல."

"வேர்க்குதா?"

"துணியெல்லாம் நனைஞ்சிடுச்சி."

"காலையில சாப்பிட்டாங்களா?"

"எப்பவும் போலத்தான். ஊசி போட்டுக்கினு நாலு இட்லி சாப்ட்டாங்க. ரெண்டு மூணு நாளாவே பதினோரு மணிக்கெல்லாம் சிடுசிடுன்னு எரிஞ்சி விழறாங்க. கை நடுங்குதுன்னாங்க. பலவீனம்னு நெனச்சோம்."

சர்க்கரை இறங்கியிருக்கிறது என்பது அவர் சொல்லி முடிப்பதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது. ஏன் இறங்கியது என்பதுதான் புரியவில்லை. அந்த அம்மாள் சாப்பாட்டைத் தவறவிடுகிறவர் இல்லை, அளவைத் தவறவிடுகிறவரும் இல்லை. குளுக்கோஸ் அடைத்த கண்ணாடி ஆம்பூல்களையும் பெரிய சிரிஞ்சையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, கிளினிக்கை ஆயாவிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஸ்கூட்டரின் பின்னால் ஏறிக்கொண்டேன். இப்படி ஒருவர் நினைவு தப்பிக் கிடந்தால் எனக்காகக் காத்திருக்க வேண்டாம், உடனே குளுக்கோஸ் ஏற்றிவிடு என்று டாக்டர் முன்பே சொல்லி வைத்திருந்தார். சொல்லி வைத்திருந்தாரே தவிர, அவர் பக்கத்தில் இல்லாமல் நான் அதைச் செய்ததில்லை.

வீட்டுக்குள் அக்கம்பக்கத்துப் பெண்கள் நிறைந்திருந்தார்கள். பாயம்மா பாயில் கிடந்தார். முகம் சுண்ணாம்பு போல வெளுத்து, நெற்றியில் வியர்வை உருண்டு காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. பல் கிட்டிக் கிடந்தது. தலைமாட்டில் ஒரு சொந்தக்காரப் பெண் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தார். பச்சையாக ஏதோ இருந்தது.

"இன்னாது இது?"

"பாவக்கா சாறு. சக்கர ஏறிப்போச்சின்னு அரைச்சேன்."

"எடுங்க அத. வாயில எதுவும் ஊத்தாதீங்க."

நான் ஆம்பூலை உடைத்ததும் அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அது இன்னா மருந்து?"

"குளுக்கோஸ்."

"சக்கர வியாதிக்காரிக்கு குளுக்கோஸா? அய்யோ, கொன்னுடாதம்மா! தம்பி, பாத்துக்கினு நிக்கிறியே!"

மகன் என்னைப் பார்த்தார். சொந்தக்காரப் பெண் சொல்வதை நம்புவதா, அன்றுதான் முதல் முறை பார்த்த நர்ஸை நம்புவதா என்று தெரியாமல் நின்றார். எனக்கும் முழு நிச்சயம் இல்லை. சர்க்கரை பார்க்கிற கருவி அப்போது எங்கள் கிளினிக்கில் கிடையாது. வியர்வையையும் நாடித் துடிப்பையும் மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டும்.

"ஏறியிருந்தா இந்த ஒரு ஊசியால ஒண்ணும் ஆயிடாது. எறங்கியிருந்தா இத போடலேன்னா போயிடுவாங்க. கைய விடுங்க" என்றேன்.

மகன்தான் அந்தப் பெண்ணின் கையை விலக்கினார். "போடுங்க சிஸ்டர்."

முழங்கையில் நரம்பு கிடைக்கவில்லை. வியர்வையில் என் விரல்கள் வழுக்கின. முதல் குத்து தவறியது. யாரோ பின்னால் விசும்பினார்கள். புறங்கையில் ஒரு மெல்லிய நரம்பு தெரிந்தது. அதில் ஏறி, குழலில் ரத்தம் எட்டிப் பார்த்ததும்தான் மூச்சு விட்டேன். மெதுவாக, மிக மெதுவாக உள்ளே தள்ளினேன். பாதி கூடப் போகவில்லை. கண் இமைகள் அசைந்தன. பாயம்மா என்னைப் பார்த்தார், சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். இன்னொரு கையால் அவசரமாக முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டார்.

"யாரு, சிஸ்டரா? இன்னாத்துக்கு இம்மாங் கூட்டம்?"

பாவக்காய் சாறு அரைத்த பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

பாயம்மாவை எழுப்பி உட்காரவைத்து, சர்க்கரை போட்ட டீயும் பன்னும் கொடுக்கச் சொன்னேன். பிறகு, "ஊசி மருந்தக் கொண்டாங்க" என்றேன். மருமகள் ஃபிரிட்ஜைத் திறந்து குழலையும் குப்பியையும் எடுத்து வந்தாள். குழலில் சிவப்புப் புள்ளி சரியான இடத்தில்தான் இருந்தது. குப்பி மட்டும் புதுசு. நான் பார்த்திராத மூடி, பக்கத்தில் அரபி எழுத்து.

"நான் கொண்டாந்தது சிஸ்டர்" என்றார் மகன். சொல்லும்போது முகத்தில் கொஞ்சம் பெருமை கூட இருந்தது. "ஃபிளாஸ்க்ல ஐஸ் போட்டு எடுத்தாந்தேன். இங்க கெடைக்கிறத விட நல்ல மருந்து."

ஜன்னல் பக்கம் போய் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். '100' என்று இருந்தது. இந்த வலுவில் மருந்து வெளிநாட்டில் இருக்கிறது என்று டாக்டர் ஒருமுறை சொல்லிக் கேட்டிருக்கிறேன், கண்ணால் பார்த்தது அன்றுதான்.

"நல்ல மருந்துதான். ஆனா நம்ம மருந்தவிட ரெண்டரை மடங்கு கெட்டி" என்றேன். அவருக்குப் புரியவில்லை. "ஒரு டம்ளர் டீல ஒரு ஸ்பூன் தூள் போடறீங்க. அதே டம்ளர்ல ரெண்டரை ஸ்பூன் போட்டா? டம்ளர் அதேதான், ஆனா உள்ள இருக்கறது வேற. அம்மா இருபதாங் கோடு வரைக்கும் இழுத்தாங்க. உள்ள போனது அம்பது யூனிட். இதுக்குன்னு வேற ஊசிக் குழல் இருக்கு. அது இங்க கெடையாது."

பாயம்மா பன்னை டீயில் நனைத்தபடி நிமிர்ந்தார். "நீ சொன்ன புள்ளி வரைக்குந்தாம்மா இழுத்தேன்."

"ஆமாம்மா. சரியாத்தான் இழுத்தீங்க."

மகன் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

உள்ளே போன மருந்து மாலை வரை வேலை செய்யும். வீட்டில் விட்டுப் போக முடியாது. ஆட்டோ வைத்து பாயம்மாவை கிளினிக்குக் கொண்டுவந்து படுக்கவைத்து, குளுக்கோஸ் பாட்டில் மாட்டினேன். டாக்டருக்கு போன் போட்டேன். சீக்கிரம் கிளம்பி வருவதாகச் சொன்னார். அந்த மருந்தில் மிச்சம் இருப்பது அத்தனையும் கிளினிக்குக் கொண்டுவரச் சொல் என்றார். அம்மாவை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்த மகன் சாயங்காலம்தான் வீட்டுக்குப் போய் ஒரு பிளாஸ்டிக் பையில் எல்லாவற்றையும் எடுத்து வந்தார். அதற்குள் டாக்டரும் வந்துவிட்டார். மேஜை மேல் பையைக் கவிழ்த்த மகன் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டு, "ஒண்ணு குறையுது" என்றார்.

கட்டிலிலிருந்து பாயம்மாவின் குரல் வந்தது. "அது நம்ம வாட்ச்மேன் அண்ணனுக்குக் குடுத்தேன்."

எல்லோரும் திரும்பினோம்.

"கடையில மருந்து வரலியாம். ரெண்டு நாளா ஊசி போடாம கீறேன்னு சொல்லிக்கினு போனாரு. இன்னிக்குக் காலையில டூட்டி முடிஞ்சி சைக்கிள்ல போவசொல்ல கூப்ட்டுக் குடுத்தேன். நல்ல மருந்துதானேன்னு..." அவருக்கே விஷயம் உறைத்து, பேச்சு நின்றது.

அந்த வாட்ச்மேனும் எங்கள் நோயாளிதான். காட்டுப்பாக்கத்தில் வீடு. திருமழிசை பக்கம் ஒரு கம்பெனியில் ராத்திரிக் காவல். பகலெல்லாம் தூங்குகிறவர் என்பதால் சாயங்காலம் எழுந்து, ஊசி போட்டுக்கொண்டு, சாப்பிட்டுவிட்டு சைக்கிளில் கிளம்புவார். அவருடைய அளவு இருபத்தெட்டாவது கோடு. கணக்குப் போட்டேன். எழுபது யூனிட்! அதோடு ராத்திரி முழுக்க ஒரு கேட்டில் தனியாக. மயங்கிச் சாய்ந்தால் தூங்குகிறார் என்றுதான் நினைப்பார்கள்.

வெயில் ஏற்கெனவே மஞ்சளாகியிருந்தது. "நீ போ. இங்க நான் பாத்துக்கறேன்" என்றார் டாக்டர்.

மகன் காட்டுப்பாக்கத்துக்கு ஸ்கூட்டரை விரட்டினார். கரையான்சாவடியில் ஒரு லாரி குறுக்கே திரும்பிக்கொண்டிருந்தது. அதைத் தாண்டுவதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது. எதிரே வந்த ஒவ்வொரு சைக்கிளையும் பார்த்துக்கொண்டே போனேன். கம்பெனிகள் விடுகிற நேரம். சாலை முழுக்கச் சைக்கிள்கள். எல்லோரும் ஒரே மாதிரி இருந்தார்கள்.

மாவு மில்லுக்குப் பின்னால் வீடு என்று அவர் எப்போதோ சொன்னது ஞாபகம் இருந்தது. மில்லில் கேட்டதும் காட்டிவிட்டார்கள். வாசலில் அவருடைய மனைவி தண்ணீர்க் குடங்களை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணன் எங்க?"

"இப்பத்தான் போவுது. நீங்க வர்ற வழியிலதான் போயிருக்கும்."

"ஊசி போட்டாரா?"

"போட்டுக்கினுதான் போச்சி. பாயம்மா குடுத்த புது மருந்து."

"சாப்பிட்டாரா?"

"எங்க சாப்ட்டுது! தண்ணி லாரி லேட்டா வந்துது, சோறு இப்பத்தான் எறக்கினேன். நேரமாயிடுச்சின்னு கேரியர்ல கட்டிக்கினு பூட்சி. இன்னா சிஸ்டர், எதுனா ஆயிடுச்சா?"

மருந்து மாறிவிட்டது, அவரைக் கிளினிக்குக் கூட்டிப்போகிறோம், நீங்களும் அங்கே வாருங்கள் என்று மட்டும் சொன்னேன். குடத்தை அப்படியே விட்டுவிட்டு அவர் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட ஓடினார்.

திரும்பி வந்த வழியே போனோம். பூந்தமல்லியைத் தாண்டி திருவள்ளூர் போகிற சாலையில் விளக்கே இல்லை. லாரிகள் உரசிக்கொண்டு போயின. சாலை ஓரத்தில் ஒரு சைக்கிள் கிடந்தது. வண்டி நிற்பதற்கு முன்பே குதித்துவிட்டேன். செருப்பு அறுந்தது. சைக்கிள்காரர் புதருக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்து எங்களை முறைத்தார். வேறு ஆள். மகன் வாய்க்குள் எதையோ ஓதிக்கொண்டே வண்டியை எடுத்தார்.

கம்பெனி கேட்டில், ஸ்டூல் மேல், முண்டாசு கட்டிக்கொண்டு நம்மாள் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சிஸ்டர், இம்மாந் தொலவு? அட, தம்பியும் வந்துகீது!"

"கேரியர் எங்க? மொதல்ல சாப்பிடுங்க. இப்பவே."

"ஒம்போது மணிக்குத்தான் சாப்புடலாம்னு..."

"அண்ணே, இப்ப சாப்பிடுங்க!"

நான் போட்ட சத்தத்தில் பீடியை எறிந்துவிட்டு கேரியரைத் திறந்தார். அவர் சாப்பிடச் சாப்பிட விஷயத்தைச் சொன்னேன். முதலில் சிரித்தார். "நான் நல்லாத்தானே கீறேன். மின்ன விட தெம்பா கீது." பிறகு நான் பாயம்மாவுக்கு நடந்ததைச் சொன்னேன். அவர் கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

"அப்ப நான் பூடுவனா சிஸ்டர்?"

"போக மாட்டீங்க. ஆனா ராத்திரி பூரா மருந்து இழுத்துக்கிட்டே இருக்கும். இங்க தனியா இருக்கக்கூடாது. கிளினிக்குல படுக்கணும்."

"அது முடியாது" என்றார் உடனே. "பகல் டூட்டிக்காரன் பூட்டான். கேட்ட உட்டுட்டு வந்தேன்னு வெய்யி, நாளைக்கி எனக்கு வேல கெடையாது. இதுக்கு மின்ன இருந்த கம்பெனிய மூடிட்டு ரெண்டு வருசம் ஊட்ல குந்தினு இருந்தேன். நான் வரல."

கெஞ்சினேன், மிரட்டினேன். தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். சரி, நானே இங்கே உட்கார்ந்துவிடலாம் என்றால் கையில் இருந்தது இரண்டு ஆம்பூலும் ஒரு குளுக்கோஸ் பொட்டலமும்தான். நேரம் போய்க்கொண்டிருந்தது. அப்போது மகன் ஸ்கூட்டருக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டு வந்தார்.

"நான் இருக்கேன் அண்ணே."

"எங்க?"

"இங்கதான். உங்க கேட்டுல. காலையில பகல் டூட்டிக்காரர் வர்ற வரைக்கும்."

வாட்ச்மேன் அவரைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் பளபளவென்று வாட்ச். "தம்பி, இங்க கொசு கடிச்சே கொன்னுடும்."

"கடிக்கட்டும். நான் கொண்டாந்த மருந்துண்ணே அது" என்றார் மகன்.

வாட்ச்மேன் எழுந்து உள்ளே போய் சூப்பர்வைசரிடம் ஏதோ சொன்னார். "எங்க அக்கா புள்ள சார்" என்பது மட்டும் கேட்டது. சூப்பர்வைசர் வெளியே வந்து அக்கா பிள்ளையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வாட்ச்மேனின் முகத்தைப் பார்த்தார். அதில் அப்போதே வியர்வை அரும்பத் தொடங்கியிருந்தது. "போய்யா, சீக்கிரம் போ" என்றார். தடியும் டார்ச்சும் விசிலும் கை மாறின.

ஸ்கூட்டர் எனக்கு ஓட்டத் தெரியாது. மெயின் ரோட்டுக்கு வந்து பஸ் பிடித்தோம். உட்கார இடமில்லாத கூட்டம். இரண்டு நிறுத்தம் வரை ஒழுங்காகப் பேசிக்கொண்டு வந்தவர், திடீரென்று கண்டக்டரைப் பார்த்து, "இன்னா மொறைக்கிற?" என்றார். கண்டக்டர் டிக்கெட்தான் கேட்டிருந்தார். அடுத்த நொடி கெட்ட வார்த்தை வந்தது. என்னைத் தள்ளிவிட்டுப் படிக்கட்டுப் பக்கம் நகர்ந்தார். வண்டி ஓடிக்கொண்டிருந்தது.

"குடிகாரன கூட்டிக்கினு பஸ்ல வந்துகீது பாரு" என்று யாரோ சொன்னார்கள்.

"குடிக்கல! சர்க்கரை நோயாளி! புடிங்க அவர, கீழ விழுந்துடுவாரு!" என்று கத்தினேன்.

ஒரு கணம் யாரும் அசையவில்லை. பிறகு படிக்கட்டில் நின்றிருந்த ஒரு ஆள் கம்பியை விடாமல் மறு கையால் அவர் இடுப்பை வளைத்துப் பிடித்து உள்ளே இழுத்தார். ஒரு அம்மாள் எழுந்து இடம் கொடுத்தார். குளுக்கோஸ் பொட்டலத்தைப் பல்லால் கிழித்தேன். பாதி என் புடவையில் கொட்டியது. உள்ளங்கையில் இருந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக அவர் வாயில் போட்டேன். துப்பினார். "முழுங்குங்கண்ணே, முழுங்குங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். பின்னால் இருந்து ஒரு வாட்டர் பாட்டில் வந்தது. கண்டக்டர் டிரைவரிடம் போய்ச் சொல்ல, பஸ் நிறுத்தங்களில் நிற்காமல் போனது. ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை.

பூந்தமல்லி விளக்குகள் தெரிந்தபோது அவர் தலையைத் தூக்கி, "சிஸ்டர், உன் பொடவையெல்லாம் இன்னாது வெள்ளையா?" என்று கேட்டார். அப்போதுதான் புடவையில் கொட்டிய குளுக்கோஸைத் தட்டிவிட்டேன்.

டாக்டர் அவரையும் படுக்கவைத்து பாட்டில் மாட்டினார். நடுவில் ஒரு திரை. இந்தப் பக்கம் பாயம்மா, அந்தப் பக்கம் வாட்ச்மேன். அவருடைய மனைவி வந்து திரை ஓரத்தில் உட்கார்ந்தார். பாயம்மா அவரிடம், "என்ன மன்னிச்சிடும்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். "நீ நல்லதுக்குத்தான குடுத்த" என்று அவரும் சொல்லிக்கொண்டே இருந்தார்.

காலையில் இருவரும் எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மகன் வந்தார். கொசுக்கடியில் முகம் வீங்கியிருந்தது. அம்மாவின் கட்டில் அருகில் வந்து நின்றார்.

"சாப்ட்டியா?" என்றார் பாயம்மா.

அவ்வளவு பெரிய மனிதர், எங்கள் எல்லோர் முன்னிலும் தேம்பித் தேம்பி அழுதார்.

மிச்சக் குப்பிகளை டாக்டர் தன்னுடைய ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போனார். அங்கே மட்டும் அதற்கான வெளிநாட்டு ஊசிக் குழல்கள் இருந்தன. வாட்ச்மேன் மறுநாள் ராத்திரியே வேலைக்குப் போய்விட்டார். நடந்ததை பெஞ்சில் உட்கார்ந்து எல்லோருக்கும் சினிமா கதை போலச் சொல்வார். கண்டக்டரைத் திட்டியது மட்டும் தனக்கு ஞாபகமே இல்லை என்பார்.

ஆனால் பாயம்மாவால் ஊசி போட்டுக்கொள்ள முடியவில்லை.

பழைய '40' மருந்தைப் புதிதாக வாங்கி நானே கையில் கொடுத்தேன். குழலில் இழுத்தார், புள்ளி வரை சரியாக இழுத்தார். வயிற்றருகே கொண்டுபோனதும் கை நின்றுவிட்டது. அதுவரை நடுங்காத கை அது. "வரல சிஸ்டர்" என்று கீழே வைத்துவிட்டார். மருமகள் போடவும் விடவில்லை. சர்க்கரை ஏறத் தொடங்கியது. காலில் ஒரு சின்னக் கொப்புளம் ஆறாமல் நின்றது. மகனுக்கு லீவு முடிந்துகொண்டிருந்தது. அவர் என்னிடம் வந்து, "நான் எப்படி சிஸ்டர் பிளேன் ஏறுவேன்?" என்றார்.

தினமும் காலையில் கிளினிக்குப் போகும் வழியில் அவர் வீட்டுக்குப் போய் நானே போட்டுவிட்டேன். ஒருநாள் கேட்டேன். "என் மேல நம்பிக்கை போயிடுச்சாம்மா?"

"உன்ன நம்பாம இல்ல கண்ணு. அந்தத் தண்ணிய நம்பல" என்றார்.

அதுவும் நியாயம்தான். குப்பிக்குள் இருப்பது வெறும் பால் போன்ற தண்ணீர். அது எவ்வளவு கெட்டி என்று பார்த்தால் தெரியாது. எழுத்துத் தெரிந்த எனக்கே அந்த எண் மட்டும்தான் ஆதாரம்.

மறுநாள் குப்பியை அவர் கையில் கொடுத்து, எண் எங்கே இருக்கிறது என்று விரலால் தொட்டுக் காட்டினேன். வெகு நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது இன்னா, கால் ஒடஞ்ச நாக்காலி மாதிரி?"

"அதுதாம்மா நாலு. பக்கத்துல இருக்கறது சைபர்."

"முட்ட மாதிரி கீது. அந்த மருந்துல?"

ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினேன்.

"ஒரு குச்சி, ரெண்டு முட்ட" என்றார். "அப்ப நாக்காலியும் ஒரு முட்டையும் இருந்தா நம்மளுது. குச்சியும் ரெண்டு முட்டையும் வந்தா தொடக்கூடாது. அப்டித்தானே?"

"அப்படியேதான்."

அதன் பிறகு நான் போகும்போதெல்லாம் குப்பியை முதலில் அவர் வாங்கிப் பார்ப்பார். நாற்காலியும் முட்டையும் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வயிற்றைக் காட்டுவார். மகன் சவுதிக்குக் கிளம்பிப் போனார். போவதற்கு முன் மருந்துக்கடைக்காரரிடமும் நாற்காலியும் முட்டையும் போட்ட குப்பியைத்தான் தர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாராம். கடைக்காரர் என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

ஐப்பசி மழையில் ஒருநாள் தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர். நான் போய்ச் சேர நேரமாகிவிட்டது. நனைந்துகொண்டே ஓடினேன். ஊசி போடாமல் சாப்பிட்டிருப்பாரோ, இல்லை சாப்பிடாமலே காத்திருப்பாரோ என்று மனசு அடித்துக்கொண்டது.

பாயம்மா கூடத்தில் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். குழலைக் கழுவி ஒரு துணியில் கவிழ்த்து வைத்திருந்தது.

"போட்டுட்டீங்களா? யாரு போட்டா?"

"வேற யாரு?" என்றார் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல். "நீ வர்றதுக்குள்ள என் பசி நிக்குமா? ஈரத்தோட நிக்காத, உள்ள போய் தலையத் தொடைச்சிக்கினு வா. உனக்கும் ரெண்டு ஊத்தச் சொல்றேன்."